பத்தொன்பது தரம் செத்த மனிதர்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அவர் இன்னும் இருக்கிறார். எண்பதைத் தாண்டி, தடி ஊன்றி, ஒரு காதில் கருவி மாட்டிக்கொண்டு இருக்கிறார். இதைச் சொல்லாமல் தொடங்கினால், மனுஷன் எப்போது சாவார் என்றே கடைசிவரை பார்த்துக்கொண்டிருப்பீர்கள். அந்தக் கதையை எழுத எனக்கு விருப்பமில்லை.

அவர் இங்கிலாந்துக்காரர், தொலைக்காட்சி நடிகர். நான் லுசேர்ண் என்ற ஏரிக்கரை ஊரில் சாப்பாட்டுக்கடை நடத்துகிறவன். இரண்டு பேருக்கும் என்ன சம்பந்தம் என்றால், கொஞ்சம் என்னிலிருந்துதான் தொடங்கவேண்டும். நான் என்னைப் பற்றிச் சொல்லக் கூச்சப்படுகிற ஆள் இல்லை. கூச்சப்பட்டிருந்தால் இன்றைக்கும் சட்டிதான் கழுவிக்கொண்டிருப்பேன்.

ஏழாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. இந்த நாட்டுக்கு வந்தபோது தோளில் ஒரு பை, வாயில் ஒரு சொல் ஜெர்மன் இல்லை. ஏரிக்கரையில் ஒரு பெரிய ஹோட்டலின் நிலவறையில் பதினொரு வருடம் சட்டி கழுவினேன். பன்னிரண்டாம் வருடம் வெங்காயம் வெட்டக் கத்தி தந்தார்கள். பிறகு சூப், பிறகு இறைச்சி. ஒருமுறை தலைமைச் சமையல்காரர் காய்ச்சலில் படுக்க, ஒரு கிழமை முழு அடுப்பையும் நான்தான் பிடித்தேன். ஒருவரும் வித்தியாசம் கண்டுபிடிக்கவில்லை. ஒரே ஒரு விருந்தாளி மட்டும், “இந்தக் கிழமை சோஸ் நன்றாக இருக்கிறது” என்று சொல்லியனுப்பினார்.

எப்போதாவது ஊருக்குத் திரும்பிவிடுவோம் என்று ஒரு நினைப்பு வைத்திருந்தேன். 2009 ஆம் ஆண்டோடு அது முடிந்துபோயிற்று. இனி இங்கேதான் என்றால் சொந்தக் கடையோடு இருப்போம் என்று முடிவெடுத்தேன். கடை திறக்க ஒரு சோதனை பாஸ் பண்ணவேண்டும். சுகாதாரம், சட்டம், குளிர்ப்பெட்டியில் எது எத்தனை பாகையில் இருக்கவேண்டும், எல்லாம் ஜெர்மனில். எனக்குப் பேச வரும், வாசிக்க வராது. மகள் புத்தகத்தை உரத்து வாசித்தாள். நான் வெங்காயம் உரித்தபடி கேட்டுக் கேட்டு, அவள் வாசித்ததை வாய்க்குள் சொல்லிச் சொல்லி, மூன்று மாதத்தில் முழுப் புத்தகத்தையும் பாடமாக்கினேன். எழுத்துச் சோதனையில் தட்டித் தடவி மயிரிழையில் தப்பினேன். வாய்மொழிச் சோதனையில் கேள்வி கேட்டவர் போதும் என்ற பிறகும் நான் நிறுத்தவில்லை. என் காது அப்படி. ஒருதரம் விழுந்தது வெளியே போகாது.

கடை திறந்த மூன்றாம் வருடம், ஒரு மழை நாள் மதியம், நனைந்த மேல்சட்டையோடு அவர் வந்தார். நல்ல உயரம், வெள்ளை மயிர், பெரிய காதுகள். உறைப்புக் குறைவாக ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். என் கடையில் உறைப்புக் குறைவாக ஒன்றும் இல்லை. ஆட்டிறைச்சிக் கறியும் சோறும் வைத்தேன். இரண்டாம் வாயிலேயே கண்ணால் தண்ணீர் ஓடியது. என் மனைவி ஓடிப்போய்த் தயிர் எடுத்து வந்தாள்.

“என்ன அண்ணை, உறைச்சுப்போச்சோ?” என்று தமிழிலேயே கேட்டாள். அவளுக்கு வயதான ஆட்கள் எல்லோரும் அண்ணைதான், எந்த நாடாக இருந்தாலும்.

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு தட்டை முன்னே தள்ளினார். இன்னும் கொஞ்சம் வைக்கச் சொல்கிறார் என்று விளங்கியது. அன்றிலிருந்து திங்கள் தவிர மற்ற நாளெல்லாம் வந்தார். திங்கள் எங்களுக்குப் பூட்டு. ஒரு மாதத்தில் “ஓம்” பழகினார், இரண்டு மாதத்தில் “போதும்”. என்னை ஷெஃப் என்பார், நான் ஐயா என்பேன். எங்களுக்குள் ஓடியது பாதி இங்கிலிஷ், பாதி உடைந்த ஜெர்மன். ஆனால் அவர் சொன்னதெல்லாம் என் மண்டையில் எங்கள் பேச்சாகத்தான் பதிந்திருக்கிறது. அப்படியே எழுதுகிறேன்.

அவர் நடிகர் என்று ஒரு வருடத்துக்கு மேலாக எங்களுக்குத் தெரியாது. ஒருநாள் இங்கிலாந்திலிருந்து சுற்றுலா வந்த ஒரு அம்மா, பக்கத்து மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவள், கரண்டியைப் போட்டுவிட்டு எழும்பினாள். அவரை எனக்குத் தெரியாத ஒரு பெயர் சொல்லிக் கூப்பிட்டு, “நீங்கள் ஏணியாலை விழுந்து செத்துப்போனீங்களெல்லோ!” என்று கத்தினாள். என் மனைவி சாம்பார் வாளியோடு அப்படியே நின்றுவிட்டாள். அவர் எழுந்து, குனிந்து, “ஓமம்மா, பதினாறு வருசமாச்சு. இப்ப கொஞ்சம் சுகம்” என்றார்.

அந்த அம்மா போன பிறகு அவருக்குப் பக்கத்தில் இருந்து கேட்டேன். அன்றைக்குத் தொடங்கியது. மதியச் சமையலுக்கும் இரவுச் சமையலுக்கும் நடுவே இந்த நாட்டுச் சமையல்காரருக்கு மூன்று மணித்தியாலம் ஓய்வு உண்டு. நான் அந்த நேரம் வீட்டுக்குப் போய்ப் படுக்கிறவன். அன்றிலிருந்து படுக்கவில்லை.

அவர் இங்கிலாந்தின் வடக்கே ஒரு சுரங்க ஊரில் பிறந்தவர். தகப்பன் பஸ் ஓட்டுநர். பதினைந்து வயதில் பள்ளிக்கூடத்தை விட்டு பிஸ்கட் தொழிற்சாலையில் பெட்டி ஒட்டினார். அதைக் கேட்டபோது எனக்கு ஒரு சந்தோஷம் வந்தது, மறைக்கமாட்டேன். இவரும் நம்ம ஆள்தான். ஊர் நாடக மண்டபத்தில் திரை இழுக்க ஆள் தேவை என்று போனவர், ஒரு நாள் நடிகர் வராமல் போக, தபால்காரனாக மேடையேறினார். ஒரு கடிதம் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். கடிதத்தைக் கொடுத்துவிட்டு வெளியே போகும் வாசல் எது என்று மறந்து அலுமாரிக்குள் போய்விட்டாராம். சனம் விழுந்து விழுந்து சிரிக்க, அடுத்த நாளும் அலுமாரிக்குள்ளேயே போகச் சொன்னார்கள்.

தொலைக்காட்சியில் கிடைத்த முதல் வேடம் பிணம். இரண்டு நாள் குளிரில் மல்லாக்கக் கிடந்தார். நன்றாகக் கிடந்தார் என்று பெயர் வந்ததால் பிறகும் கூப்பிட்டார்கள். நாற்பது வருடத்தில் பொலிஸ்காரன், பாதிரியார், பூட்டுத் திருத்துகிறவன், கொலைகாரன், கொலைகாரனின் மாமா. பெரிய வேடம் என்றால் ஒன்றே ஒன்று: ஒரு கிராமத்து மதுச்சாலைக்காரனாக ஒன்பது வருடம், கிழமைக்கு இரண்டு தரம். அந்தக் காலத்தில் பஸ்ஸில் ஏறினால் ஆட்கள் எழும்பி இடம் கொடுப்பார்களாம். பத்தாம் வருடம், கதை எழுதுகிறவர்களோடு ஒரு வாக்குவாதம். அடுத்த மாதமே அந்த மதுச்சாலைக்காரனை ஏணியில் ஏற்றி விழுத்திவிட்டார்கள்.

“எல்லாமாப் பத்தொன்பது தரம் செத்திருக்கிறன், ஷெஃப்” என்றார்.

“சாய், உந்தக் கதையை விடுங்கோ” என்று நான் தோஷம் போக மேசை மரத்தைத் தொட்டேன்.

“செத்துக் காட்டுறது சுகம். பக்கத்திலை நிண்டு அழுறவைக்குத்தான் கஷ்டம். அவையைத்தான் எல்லாரும் பாப்பினம்.”

லுசேர்ண் அவருடைய மனைவியின் ஊர். லண்டனில் தாதியாக வேலை செய்தவர். வேடங்கள் குறைந்தபோது இரண்டு பேரும் இங்கே வந்தார்கள். வந்த இரண்டாம் வருடம் மனைவி காலமாகிவிட்டார். அதன் பிறகு ஒரே ஒரு வேலைக்கு லண்டன் போயிருக்கிறார். ஒரு நீதிபதி வேடம். தீர்ப்பு வாசிக்கிற இடத்தில் வசனம் வரவில்லை. பத்துப் பன்னிரண்டு தரம் எடுத்தார்கள், வரவில்லை. அவருக்குத் தண்ணீர் கொடுத்து, கார் வைத்து அனுப்பிவிட்டு இன்னொருவரைப் போட்டார்கள். பிறகு தொலைபேசி அடிக்கவில்லை.

அதைச் சொன்னபோது மட்டும் அவர் பகிடி விடவில்லை.

அவர் அதைச் சொல்லி இரண்டு வருடம் கழித்துத் தொலைபேசி அடித்தது. இங்கிலாந்துக்காரர் ஒரு தொடர் எடுக்கிறார்கள், பழைய காலத்தில் காசநோய்க்காரர் மலைக்கு வந்து தங்கியிருந்த கதை. படப்பிடிப்பு எங்கள் ஏரிக்கு மேலே மலையில், பனிக்காலத்துக்குப் பூட்டிக் கிடந்த ஒரு ஹோட்டலில். அவருக்கு ஒரே ஒரு காட்சி. கட்டிலில் கிடக்கும் கிழவன், பக்கத்தில் மகள். நாலு நிமிடம். இயக்குநர் ஒரு பெண். அவள் மறைக்காமல் சொல்லியிருந்தாள்: ஒரு நாள்தான் தரமுடியும், அன்றைக்குச் சரிவராவிட்டால் லண்டனில் இன்னொரு கிழவர் ஆயத்தமாக இருக்கிறார்.

“இதுவும் விட்டுப்போச்செண்டால் நான் நடிகன் இல்லை, ஷெஃப். முந்தி நடிகனா இருந்த ஒரு ஆள். அவ்வளவுதான்.”

“ஆர் சொன்னது? நான் ஒரு புத்தகத்தையே விழுங்கினவன். நாலு நிமிசம் என்ன பெரிய விசயமே? கொண்டுவாங்கோ பாப்பம்.”

அவருக்கு எதிர் வசனம் சொல்ல ஆள் வேண்டும். மகளின் வசனங்களை என் மகள் எனக்கு இங்கிலிஷில் வாசித்துக் காட்டினாள். ஆறு வசனம். ஒரு பின்னேரத்தில் பாடமாக்கிவிட்டேன். அதன் பிறகு மூன்று கிழமை, ஓய்வு நேரம் முழுவதும், மீசை வைத்த நான் “அப்பா, குளிருதோ?” என்று கேட்க, அவர் கதிரையில் சாய்ந்து இருமினார். மனைவி அடுப்படி வாசலில் நின்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். “இஞ்சாருங்கோ, மகளுக்கு ஒரு பொட்டு வைச்சுவிடட்டோ?”

கிழவனுக்கு நீளமான பேச்சு. தன் சப்பாத்தை யாருக்குக் கொடுப்பது, நாயை யார் பார்ப்பது, ஊரில் ஆப்பிள் மரத்தை எப்போது கத்தரிப்பது. எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில் மூன்று சின்ன வசனம்: “நான் சாகப்போறன். நீ அழாதை. யன்னலை மட்டும் திற.” அதற்கு மகள், “அப்பிடிச் சொல்லாதேங்கோ, அப்பா” என்பாள்.

முதல் நாள் அவர் அந்த மூன்றையும் சொன்னார். நல்ல குரல், தாழ்ந்த குரல். கடை முழுக்கக் கேட்டது. அடுத்த மேசையில் என் மகள் காலை நீட்டி இருந்தாள். வயிற்றில் ஆறு மாதம். அதற்கு முந்தைய பிள்ளை தங்கவில்லை. மனைவி அடுப்படியிலிருந்து வந்தாள், இந்தமுறை சிரிப்பில்லை.

“இஞ்சாருங்கோ, பிள்ளைத்தாச்சி இருக்கிற இடத்திலை என்ன கதை இது? சாமி விளக்கு எரியுது. அண்ணையிட்டைச் சொல்லுங்கோ.”

மகள், “அம்மா, அது நடிப்புத்தானே” என்றாள். யார் கேட்டார்கள்? எனக்கும் பயம்தான். வாயால் போகிற சொல் எங்கே போய் நிற்கும் என்று யாருக்குத் தெரியும்? (பேரன் இப்போது இரண்டாம் வகுப்பு. கணக்கில் என்னைப்போல.)

அவரிடம் சொன்னேன். இது சோறு போடுகிற இடம், பிள்ளைத்தாச்சி இருக்கிறாள், நாங்கள் இப்படியான சொற்களை வீட்டுக்குள் விடமாட்டோம். அவர் என் மனைவியையும் மகளையும் பார்த்தார். எழும்பி மன்னிப்புக் கேட்டார். அந்த இடம் வரும்போது வேறு ஏதாவது செய்யலாம் என்று நான்தான் யோசனை சொன்னேன்: விரலால் மேசையில் மூன்று தரம் தட்டுங்கள், மூன்று வசனத்துக்கு மூன்று தட்டு, பிறகு நான் என் வசனத்தைச் சொல்கிறேன். நல்ல யோசனை என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

அப்படியே நடந்தது. சப்பாத்து, நாய், ஆப்பிள் மரம், டக் டக் டக், “அப்பிடிச் சொல்லாதேங்கோ, அப்பா.” நூறு தரத்துக்கு மேல் செய்திருப்போம். கடைசிக் கிழமை ஒரு சொல் தவறவில்லை. “அந்தக் கடைசி வசனம் உமக்கு நல்லா வருது, ஷெஃப்” என்றார். “எனக்கு எதுதான் நல்லா வராதது?” என்றேன்.

படப்பிடிப்பு நாள் காலை என்னையும் கூட்டிக்கொண்டு போனார். அடுக்குச் சட்டியில் அவருக்குச் சோறும், மற்றவர்களுக்கு இறைச்சி வைத்துச் சுருட்டிப் பொரித்த ரோல்ஸ் ஐம்பதும் கொண்டுபோனேன். அங்கே குளிர்ந்த பாண் தின்றுகொண்டிருந்த சனம் பத்து நிமிடத்தில் பெட்டியைக் காலியாக்கியது. விளக்குப் பிடிக்கிற ஒருவன் என் கடை எங்கே என்று இரண்டு தரம் கேட்டான்.

அவரை இரும்புக் கட்டிலில் கிடத்தினார்கள். முகத்துக்கு ஏதோ பூசி, கண்ணைக் குழியாக்கி, ஆளே மாறிவிட்டார். எனக்குப் பார்க்கவே பிடிக்கவில்லை. மகளாக நடித்தவள் நல்ல பிள்ளை. நான் கமராவுக்குப் பின்னே, ஒரு கதிரையில்.

தொடங்கினார்கள். சப்பாத்து நன்றாக வந்தது. நாய் வந்தது. ஆப்பிள் மரத்தில் அந்தப் பிள்ளைக்கு உண்மையாகவே கண் கலங்கியது. நான் என் கதிரையில் நெளிந்துகொண்டு, இவரைத் தயாரித்தது யார் தெரியுமா என்று பக்கத்தில் நின்றவனிடம் சொல்லலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அவர் கை போர்வைக்கு வெளியே வந்தது. கட்டில் இரும்பில் மூன்று தரம் தட்டியது. டக் டக் டக்.

பிறகு ஒன்றுமில்லை. அந்தப் பிள்ளை காத்திருந்தாள். அவர் கண் அவளைத் தாண்டி, விளக்குகளைத் தாண்டி, என்னைத் தேடியது. மேசையில் தட்டிய உடனே என் குரல் வருமே, அதற்குக் காத்திருக்கிறார்.

இயக்குநர் நிறுத்தினாள். தட்டியது அழகாக இருக்கிறது, ஆனால் வசனம் வேண்டும் என்றாள். இரண்டாம் தரம். டக் டக் டக். மூன்றாம் தரம் கையைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டார். அந்த இடம் வந்தது, போர்வைக்குள் விரல் அசைந்தது எனக்குத் தெரிந்தது, வாய் திறந்து மூடியது. நாலாம் தரம் அவர் முகத்தில், பூசிய பூச்சுக்கு அடியில், வேறு ஒரு வெளிறல் வந்தது. நீதிபதி வேடத்தில் இப்படித்தான் வந்திருக்கும்.

இயக்குநர் மரியாதையான பெண். ஒரு மணித்தியாலம் வேறு காட்சி எடுக்கிறோம், ஆறுதலாக இருங்கள் என்றாள். திரும்பிப் போகும்போது உதவியாளனிடம் தாழ்ந்த குரலில் லண்டன் என்றாள். அது எனக்குக் கேட்டது. என் காதுதான் அப்படியாயிற்றே. அவருக்கும் கேட்டிருக்கும்.

எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். வாயால் சொல்லிச் சொல்லி ஒரு முழுப் புத்தகத்தை ஏற்றினவன் நான். மண்டையில் இருந்தால் போதாது, வாய் பழகவேண்டும் என்று எனக்குத் தெரியாதா? அவர் வாய்க்கு நான் மூன்று கிழமை பழக்கியது ஒரு தட்டல்.

அவரை எழுப்பி, மேல்சட்டையைப் போட்டு, ஹோட்டலின் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனேன். கதிரைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டியிருந்த ஒரு மொட்டைத் தளம். கீழே ஏரியைப் பனிப்புகார் மூடியிருந்தது.

“பிழை என்னிலை, ஐயா. இஞ்சை சொல்லுங்கோ. எத்தினை தரமெண்டாலும் சொல்லுங்கோ.”

“பெஞ்சாதி கோவிப்பாவே?”

“அவ இஞ்சை இல்லை. சொல்லுங்கோ.”

அவர் எனக்கு நேரே நின்றார். குழி விழுந்த கண், சாம்பல் பூசிய கன்னம். “நான் சாகப்போறன்” என்றார். “நீ அழாதை. யன்னலை மட்டும் திற.”

இப்போது நான் சொல்லவேண்டும். அப்பிடிச் சொல்லாதேங்கோ, அப்பா. நூறு தரம் சொன்ன வசனம், நல்லா வருது என்று பெயர் வாங்கிய வசனம். எனக்கு அது வரவில்லை.

2009 தொடக்கத்தில், நான் அந்த ஏரிக்கரை ஹோட்டலில் இறைச்சி வெட்டிக்கொண்டு நின்றபோது, என் கைத்தொலைபேசி அடித்தது. வன்னியிலிருந்து என் அண்ணை. யாரிடமோ இரந்து வாங்கிய தொலைபேசி, இரண்டோ மூன்றோ நிமிடம்தான் தருவார்கள். “தம்பி, நாங்கள் தப்பமாட்டம். ஒண்டு சொல்லவேணும், கேள்” என்றார். நான் கேட்கவில்லை. “அப்பிடிச் சொல்லாதேங்கோ அண்ணை, வாயைக் கழுவுங்கோ, ஒண்டும் நடக்காது” என்றேன். அவர் திரும்பவும் தொடங்கினார். நான் விடவில்லை. கோவிலுக்கு நேர்த்தி வைத்திருக்கிறேன், எல்லாம் சரிவரும், தைரியமாக இருங்கள் என்று மிச்ச நேரம் முழுவதும் நானே கதைத்தேன். நான் கதைக்கத் தொடங்கினால் மற்றவருக்கு இடம் கிடையாது, அது என் குணம். இணைப்பு அறுந்தது. பிறகு அழைப்பு வரவில்லை. அவர் என்ன சொல்ல இருந்தார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. காணியைப் பற்றியா, பிள்ளைகளைப் பற்றியா, எனக்கு ஏதாவதா.

இதை என் மனைவிக்குக்கூட முழுக்கச் சொன்னதில்லை. அண்ணை எடுத்தவர், சுகமாகக் கதைத்தவர் என்றுதான் சொல்லியிருந்தேன். அந்த மொட்டைத் தளத்தில், இருக்கிற உடைந்த இங்கிலிஷில், அவருக்குச் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியாது. நேரம் வேறு போய்க்கொண்டிருந்தது.

அவர் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. என் தோளில் கை வைக்கவில்லை. அதற்கு நான் இன்றைக்கும் நன்றியாக இருக்கிறேன். “இன்னும் அரை மணித்தியாலம் கிடக்கு, ஷெஃப். நான் சொல்லட்டோ, வேண்டாமோ?” என்று கேட்டார்.

“சொல்லுங்கோ.”

சொன்னார். நான் கேட்டுக்கொண்டு நின்றேன். திரும்பவும் சொன்னார். முதல் நாலைந்து தரம் விரல் காற்றில் தட்டியது. பிறகு அது நின்றது. பத்துப் பதினைந்து தரத்துக்குப் பிறகு அந்தச் சொற்கள் மற்றச் சொற்கள்போல் ஆயின, நாயைப்போல, ஆப்பிள் மரத்தைப்போல. ஏரிக்கு ஒன்றும் நடக்கவில்லை. மலை இடிந்து விழவில்லை. கடைசித் தரம் அவர் சொல்லி முடித்ததும் நான் “ஓம்” என்றேன்.

“அது எழுத்திலை இல்லையே.”

“தெரியும்.”

உள்ளே கூப்பிட்டார்கள். கட்டிலில் கிடந்தார். இந்தமுறை நான் கதிரையில் இருக்கவில்லை, அவர் கண்ணில் படாத இடமாகப் பார்த்து ஒரு தூணுக்குப் பின்னே நின்றுகொண்டேன். என்னைத் தேடக்கூடாது. சப்பாத்து வந்தது. நாய். ஆப்பிள் மரம். கை போர்வைக்கு வெளியே வந்தது. அந்தக் கை கொஞ்சம் உயர்ந்து, மகளாக நடித்த பிள்ளையின் மணிக்கட்டில் போய் இருந்தது.

“நான் சாகப்போறன்” என்றார். ஏதோ கடைக்குப் போகிறேன் என்பதைப்போலச் சொன்னார். “நீ அழாதை. யன்னலை மட்டும் திற.”

இன்னொருதரம் எடுத்தார்கள், பாதுகாப்புக்கு. அதிலும் வந்தது. இயக்குநர் கட்டிலடிக்குப் போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். லண்டன் என்ற சொல்லை அதற்குப் பிறகு யாரும் சொல்லக் கேட்கவில்லை. விளக்குக்காரன் மூக்கைச் சிந்தினான். என் ரோல்ஸின் உறைப்பு என்று சொல்லலாம், ஆனால் அது இல்லை.

படப்பிடிப்புக்காரரின் வான் வண்டி எங்களைக் கடைப் பின்வாசலில் இறக்கியது. அவர் முகப்பூச்சைக்கூடச் சரியாகத் துடைக்கவில்லை. கதவைத் திறந்த மனைவி அவரைப் பார்த்து ஒருகணம் பின்வாங்கினாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“வந்துதோ?”

“வந்துது.”

“சொன்னவரோ, அந்தக் கதையை?”

“சொன்னவர்.”

“எத்தினை தரம்?”

“எண்ணேல்லை.”

அவள் உள்ளே போய் ஒரு பெரிய சட்டியில் தண்ணீர் கொண்டுவந்து வாசற்படியில் வைத்தாள். “படமெண்டு எனக்குத் தெரியும். எண்டாலும் காலைக் கழுவிப்போட்டு உள்ளுக்கு வாங்கோ.” நான் சப்பாத்தைக் கழற்றினேன். அவளோடு வாதாட எனக்கு அன்றைக்குத் தெம்பில்லை.

அவர் தண்ணீரையும் என் வெறுங்காலையும் பார்த்தார். கார்த்திகைக் குளிர். “உது என்னத்துக்கு?”

“செத்தவீட்டாலை வந்தால் இப்பிடித்தான் அண்ணை” என்றாள். நான் மொழிபெயர்த்தேன்.

“ஆனா செத்தது நானெல்லோ?”

அதையும் நான் மொழிபெயர்த்தேன். அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவரை மேலும் கீழும் பார்த்தாள். உள்ளே மகள் சிரிக்கிற சத்தம் கேட்டது.

“அப்ப அவருக்கு ரெண்டு சட்டி” என்று சொல்லிவிட்டு மற்றச் சட்டியை எடுக்கப் போனாள். அவர் மரக்கறிப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதில் இருந்து, ஒவ்வொரு காலுறையாகக் கழற்றத் தொடங்கினார்.